ஊர்வாசலில் நமக்கென்று ஒருவர்



உபாகமம் இருபதாம் அதிகாரத்தை யுத்தத்துக்குரிய அதிகாரம் என்று எண்ணி நாம் விரைந்து கடந்துவிடுவதுண்டு. அதன் ஐந்தாம் வசனத்தில் சற்று நின்று பாருங்கள். போருக்குப் புறப்பட ஆயத்தமாய் நிற்கும் ஜனங்களிடம் படைத்தலைவர்கள் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி வீட்டைப் பற்றியது. புது வீடு கட்டி, அதைப் பிரதிஷ்டை பண்ணாமல் வந்தவன் உங்களில் உண்டா என்று கேட்கிறார்கள். உண்டென்றால் அவன் திரும்பிப் போகலாம். அவன் போரில் மடிந்து, வேறொருவன் அந்த வீட்டில் குடிபுகும்படி ஆகிவிடலாகாது. திராட்சத்தோட்டம் நாட்டியவனும், பெண்ணை நியமித்துக்கொண்டவனும் அதற்குப் பின்புதான் வருகிறார்கள்.

நம்முடைய பிள்ளைகள் படைக்குப் போகும்போது இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் பெட்டியோடு ரயில் ஏறுகிறவனுக்கு வீடு ஏது? அப்பனுடைய வீடு உண்டு. அதில் அவனுக்கு ஒரு பங்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தனக்கென்று ஒரு வீட்டை அவன் வாங்குவது பெரும்பாலும் ஓய்வு பெற்று வந்த பிறகுதான். நம் சபையில் அப்படி வந்தவர்கள் பலர். திருவிதாங்கூர்ப் படையின் வழியில் வந்த மதராஸ் ரெஜிமென்டின் ஒன்பதாம் பட்டாலியனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஆராதனை முடிந்த பின்னும் வீட்டுக்குப் போகாத பெரியவர்கள் நமக்கு உண்டு. ஆகையால் இந்த வாரம் வீடு வாங்குவதைப் பற்றியும், அந்த வேளையில் நமக்காக நிற்பவர் யார் என்பதைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். இது போதகர் எழுத வேண்டிய காரியமா என்று சிலர் நினைக்கலாம். வீடு பிரதிஷ்டைக்கு என்னை அழைக்கிறீர்கள். அந்த வீட்டின் ஆதாரத்தைப் பற்றி நான் கேட்பதில் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

பழங்காலத்தில் ஓய்வு பெற்ற போர்ச்சேவகனுக்கு நிலத்தை அரசே கொடுத்தது. பவுல் சுவிசேஷம் அறிவித்த பிலிப்பி பட்டணம் அப்படி உருவான ஊர். கி.மு. 42-இல் அந்த ஊருக்கு அருகே நடந்த போருக்குப் பின் ரோமப் படையின் பழைய சேவகர்கள் அங்கே குடியேற்றப்பட்டார்கள். அப்படிக் கொடுக்கப்பட்ட நிலங்களுக்கெல்லாம் முன்பு வேறு சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. இன்றைய படைவீரனுக்கு யாரும் நிலம் அளந்து கொடுப்பதில்லை. அவன் தன் பணத்தைக் கொடுத்து வாங்க வேண்டும். அந்தப் பணம் எத்தன்மையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தாருக்கே அது பலவேளை தெரிவதில்லை.

படைவீரர் ஓய்வு பெறும்போது தம் ஓய்வூதியத்தில் பாதி வரை முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெற்றுக்கொள்ளலாம். இதைக் கம்யூட்டேஷன் என்கிறோம். அரசின் பிற ஊழியர்களுக்கு இது 40 விழுக்காடு. படைவீரருக்கு 50 விழுக்காடு. பெற்றுக்கொண்ட பிறகு 15 ஆண்டுகளுக்கு அந்தப் பகுதி மாதந்தோறும் பிடிக்கப்படும். அதன் பின்னரே முழு ஓய்வூதியம் திரும்பும். ஆக, நாற்பது வயதில் ஒரு ஹவில்தார் கையில் இருக்கும் பெருந்தொகையின் ஒரு பகுதி அவருடைய ஐம்பத்தைந்து வயது வரைக்குமான அரை ஓய்வூதியம். பணிக்கொடை அதனோடு சேரும், சேமநிதியும் சேரும். இதை ஒருமுறை இழந்தால் இரண்டாம் முறை இல்லை. இந்தத் தொகை வந்து சேருகிற மாதம் ஊரில் பலருக்குத் தெரிந்துவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பே. வங்கியில் பணம் ஏறிய வாரத்திலேயே அவர் வீட்டு வாசலில் தரகர் நிற்கிறார்.

இதில் இன்னொரு காரியமும் உண்டு. கடன் வாங்கி வீடு வாங்குகிறவருடைய பத்திரங்களை வங்கியின் வழக்கறிஞர் ஒருமுறையாவது பார்ப்பார். அவர் வங்கிக்காகவே பார்க்கிறார். எனினும் ஒரு கண் படுகிறது. ஓய்வுப் பணத்தைக் கொண்டு ரொக்கமாக வாங்குகிறவருக்கு அந்தக் கண்ணும் இல்லை. கடன் இல்லாமல் வாங்குவது நல்லது என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம், அது சரிதான். ஆனால் கடனோடு கூட வரும் அந்தச் சோதனையை நாமே வேறு வழியில் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

படைவீரர் தம் சொந்த ஊரில் பரதேசி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு விடுமுறையே அவர் ஊரைக் கண்டது. எந்தத் தோட்டம் யார் கைக்கு மாறியது, எந்த அண்ணன் தம்பிக்குள் வழக்கு நடக்கிறது, எந்த ஓடை மழைக்காலத்தில் யார் முற்றத்தில் ஏறுகிறது என்பதெல்லாம் இங்கேயே இருந்தவனுக்குச் சொல்லாமலே தெரியும். லடாக்கிலும் அசாமிலும் இருந்தவருக்குக் கேட்டால்தான் தெரியும். கட்டளையை நம்பியே வாழ்ந்த மனிதர் அவர்; கூட இருப்பவன் சொன்னால் அதை நம்புவது அங்கே உயிர் காக்கும் பழக்கம். இங்கே அந்தப் பழக்கமே அவரைக் கவிழ்க்கக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன், 24 ஆண்டு சேவை முடித்து வந்த ஒரு சகோதரர் ஒரு மாலையில் என்னிடம் வந்தார். சந்தையிலிருந்து சற்றுத் தூரத்தில் ஏழு சென்ட் நிலமும் ஓட்டு வீடும் பார்த்திருந்தார். அன்று இரவே 2 லட்சம் ரூபாய் அச்சாரம் கொடுக்க வேண்டும். நான் வந்து ஜெபிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். “நாளைக்குக் கேரளத்திலேந்து ஒரு பார்ட்டி வருதாம் ஐயா, விட்டா கைவிட்டுப் போயிரும்” என்றார். எல்லையில் இருக்கிற நமக்கு இந்தக் ‘கேரளப் பார்ட்டி’ நன்கு பழக்கமானவர். அவர் எப்போதும் நாளைக்குத்தான் வருவார்.

ஜெபிக்கலாம், முதலில் ஆதாரத்தைக் காட்டுங்கள் என்றேன். அவரிடம் நகல்கள் இருந்தன. வில்லங்கச் சான்று இருந்தது, அதில் ஒன்றுமில்லை. 1981-ஆம் ஆண்டின் பாகப்பத்திரம் தமிழில் இருந்தது. அதில் இரண்டு ஆண்மக்களும் தகப்பன் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக ஒரு பழைய ஆதாரம், மலையாளத்தில், மங்கிய கையெழுத்தில், கொல்லம் ஆண்டு 1121 என்று தேதியிட்டது, அதாவது 1945-46. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆவணங்கள் பலவும் மலையாளத்தில் உள்ளன. களியக்காவிளையில் மலையாளம் பேசாதவர் யார்? ஆனால் அந்தக் காலத்து ஆதார எழுத்தரின் கூட்டெழுத்தை வாசிப்பது வேறு வித்தை. தரகரிடம் கேட்டபோது அவர் ஒளிக்காமல் சொன்னார்: “நான் விலையைப் பேசி முடிக்கிறவன் ஐயா. ஆதாரம் பார்க்கிறது என் வேலை இல்லை.”

அவர் பொய்யர் அல்லர். சகோதரருடைய மனைவிக்குத் தூரத்து உறவு, நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். விற்கிறவரிடமும் கமிஷன், வாங்குகிறவரிடமும் கமிஷன். இருவரும் சம்மதித்தால் அவருக்குக் கூலி. ஒருவர் பின்வாங்கினால் ஒன்றுமில்லை. வீட்டைக் காட்டுகிறார், பேரம் பேசுகிறார், சில வேளை வாங்குகிறவருக்காக ஆயிரமோ பதினாயிரமோ குறைத்தும் கொடுக்கிறார். எல்லாம் உண்மை. அவர் யாருக்காக நிற்கிறார் என்று கேட்டால், அந்த வியாபாரத்துக்காக நிற்கிறார். சகோதரருக்காக நிற்பவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை.

சட்டம் முகவரை இப்படி எண்ணவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர்களுக்கென்று ஒரு தனி அத்தியாயம் உண்டு. நியமித்தவருடைய கட்டளைப்படி நடக்க வேண்டும், கணக்கு ஒப்புவிக்க வேண்டும், நியமித்தவருக்கு உண்மையை மறைத்துத் தன் சொந்த ஆதாயத்துக்காகக் காரியத்தை நடத்தினால் அவர் அதை ஏற்க மறுக்கலாம். ஆனால் முதலில் ஒருவர் நியமிக்க வேண்டுமே! நம்மூரில் யாரும் தரகரை எழுத்தில் நியமிப்பதில்லை. டீக்கடையில் தொடங்கி அப்படியே நடந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா என்று நாம் அழைப்பது, முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் கட்டுமானக்காரர் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது பதிவு செய்யப்பட்ட மனைப்பிரிவுகளுக்கும் அடுக்குமாடித் திட்டங்களுக்கும் உரியது. ஒரு குடும்பத்தின் ஏழு சென்டும் ஓட்டு வீடும் கைமாறுகிற இடத்தில் அந்தச் சட்டத்தின் கை எட்டுவதில்லை. நம் ஊரில் விற்பனையாவது பெரும்பாலும் அப்படிப்பட்ட வீடுகளே.

அமெரிக்காவில் இருக்கும் நம் உறவினர்கள் அங்கே வீடு வாங்குகிறவருக்குத் தனி முகவர், விற்கிறவருக்குத் தனி முகவர் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே முன்னாள் படைவீரருக்கு 1944-ஆம் ஆண்டின் சட்டம் முதல் அரசு உத்தரவாதத்துடன் வீட்டுக்கடன் கிடைக்கிறது. அந்தக் கடனில் வாங்குகிற படைவீரர் தம் முகவருக்குத் தாமே கூலி கொடுக்கலாகாது என்று ஒரு விதி இருந்தது. அவருடைய செலவைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில். விற்கிறவர் தரப்பே இரு முகவருக்கும் கொடுக்கும் வழக்கம் இருந்தவரை அது இடறவில்லை. 2024-இல் அந்த வழக்கம் ஒரு வழக்கின் சமரசத்தால் மாறியபோது, தமக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளப் பணம் கொடுக்கக்கூடாத ஒரே கூட்டத்தாராகப் படைவீரர்கள் நிற்க வேண்டிய அபாயம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் அரசு அந்தத் தடையைத் தற்காலிகமாக நீக்கியது. தூரத்து ஊரின் செய்திதான். ஆனால் நம் கேள்வியே அங்கும் கேட்கப்பட்டிருக்கிறது: கூலியை யார் கொடுக்கிறாரோ அவருக்காகத்தானே முகவர் நிற்பார்?

சகோதரருடைய ஆதாரத்துக்கு வருகிறேன். நம் சபையில் ஓய்வு பெற்ற மலையாள ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லாரும் டீச்சர் என்றே அழைப்போம், வயது எண்பதைக் கடந்துவிட்டது. அன்றிரவே அவர் வீட்டுக்குப் போனோம். அவர் கண்ணாடியைத் துடைத்து, ஆதாரத்தை விளக்கருகே பிடித்து, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். நான்கெல்லை விவரத்தில் ஓரிடத்தில் நின்றார். வடபுறத்து வீட்டாருக்குக் குளத்துக்குப் போக நான்கடி நடைவழி இந்த நிலத்தின் ஊடே விடப்பட்டிருக்கிறது என்றார். அந்த வழி பிந்தைய பாகப்பத்திரத்தில் இல்லை. பிறகு தகப்பனுடைய பெயரை மீண்டும் ஒருமுறை வாசித்துவிட்டு, “இவருக்கு மூணு பெண்மக்கள் உண்டே! இளையவ என்கிட்ட படிச்சவ” என்றார்.

பாகப்பத்திரத்தில் அந்த மூவரின் பெயரும் இல்லை. தகப்பன் 1979-இல் உயில் எழுதாமல் இறந்தவர்.

இங்கே நம் நாட்டுப் பகுதிக்கே உரிய ஒரு வரலாறு இருக்கிறது. திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாமல் இறந்த தகப்பனுடைய சொத்தில் மகளுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மட்டும் கொடுத்தது. ஸ்திரீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. மேரி ராய் என்ற கோட்டயத்துப் பெண்மணி தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: 1951 முதலே இந்த நிலப்பகுதிக் கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும், மகளுக்கும் மகனுக்கும் பங்கு ஒன்றே. ஆகவே 1951-க்குப் பின் உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சொத்தை ஆண்மக்கள் மட்டும் பிரித்துக்கொண்ட பத்திரம் எதுவாயினும், அதில் சகோதரிகளின் உரிமை உள்ளே உறங்குகிறது. வில்லங்கச் சான்று அதைக் காட்டாது. பதிவான ஆவணங்களையே அது காட்டும். பதிவேட்டில் ஒருபோதும் பெயர் ஏறாத ஒரு மகளை அது எப்படிக் காட்டும்?

பிரியமானவர்களே, இதை வாங்குகிறவர்களுக்கு மட்டும் எழுதவில்லை. விற்கிறவர்களும் நம் பந்தியில் உட்காருகிறவர்களே. ‘பெண்ணுக்கெல்லாம் கொடுத்து அனுப்பியாயிற்று’ என்று சொல்லிப் பத்திரத்தில் கையெழுத்திடுகிற அண்ணன், தன் தங்கையின் பங்கை ஒரு படைவீரனுடைய பதினைந்து ஆண்டு அரை ஓய்வூதியத்துக்கு விற்கிறான். ஒரே கையெழுத்தில் இரண்டு பேருக்கு அநியாயம். எனக்கு இதில் மென்மையாகப் பேச மனமில்லை.

சகோதரர் அன்றிரவு அச்சாரம் கொடுக்கவில்லை. மறுநாள் கேரளப் பார்ட்டியும் வரவில்லை. பிறகு அவர் ஒரு வழக்கறிஞரைத் தமக்கென்று அமர்த்தினார்; கட்டணத்தைத் தாமே கொடுத்தார். தரகர் சிபாரிசு செய்தவரை விட்டு வேறொருவரைத் தேடியது அவருடைய மனைவியின் புத்தி. வாரிசுச் சான்று கேட்கப்பட்டது. விற்கிறவர்கள் முதலில் கோபித்தார்கள், என்மேலும் கோபித்தார்கள். ஐந்து மாதம் ஆயிற்று. மூத்த சகோதரிகள் இருவர் ஒன்றும் கேளாமல் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள். இளையவர் விதவை, கேரளத்து ரப்பர் தோட்டப் பகுதி ஒன்றில் வாழ்கிறவர். தமக்குரியது வேண்டும் என்றார். விலையிலிருந்து அவருக்கு ஒரு தொகை கொடுக்கப்பட்டது. விடுதலைப் பத்திரம் என்ற அந்தப் பெயரை நம் முன்னோர் எவ்வளவு பொருத்தமாக வைத்தார்கள் என்று சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் நின்றபோது எண்ணிக்கொண்டேன். நடைவழியும் கிரயப் பத்திரத்தில் எழுதப்பட்டது. வடபுறத்து வீட்டுக் கிழவி இன்றும் அந்த வழியாய்த்தான் குளத்துக்குப் போகிறார்.

ஆதியாகமம் 23-ஐ நாம் அடக்க ஆராதனையில் நினைவுகூருகிறோம். நான் அதைக் கிரயப் பத்திரமாகவும் வாசிக்கிறேன். ஆபிரகாம் அந்தத் தேசத்தில் அந்நியர். மனைவியை அடக்கம் பண்ண நிலம் வேண்டும். எப்பெரோனிடம் அவர் தனியே போகவில்லை. ஊராரைப் பார்த்து, எனக்காக அவனிடம் பேசுங்கள் என்று கேட்கிறார். எப்பெரோன் சும்மாவே தருகிறேன் என்கிறான். கேட்க இனிமையாய் இருந்தாலும் ஆபிரகாம் அதில் விழவில்லை. விலை சொல்லச் சொல்கிறார். நானூறு சேக்கல் வெள்ளி என்ற விலை எல்லாருடைய காதிலும் விழச் சொல்லப்படுகிறது, எல்லாருக்கும் முன்பாக நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. பிறகு வேதம் நிலம், அதிலுள்ள குகை, சுற்றெல்லையில் இருந்த மரங்கள் என்று ஒவ்வொன்றாய் எண்ணிச் சொல்கிறது. நம் பத்திரத்தின் தபசிலும் செக்குபந்தியும் அதுவே. இத்தனைக்கும் பட்டணவாசலில் வந்துபோகிற யாவரும் சாட்சி.

அந்த வாசலையும் நம் வழக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்மிடம் விலை இரண்டு: பேசியது ஒன்று, பத்திரத்தில் எழுதுவது ஒன்று. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு 9 ஆகிறது. பாரம் பெரிதுதான். ‘வழிகாட்டி மதிப்புக்கு எழுதுவோம், மீதியைக் கையில் கொடுங்கள்’ என்று தரகர் சொன்னால் ஆசையாய்த்தான் இருக்கும். படைவீரருடைய பணமோ ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியே வந்த வெள்ளைப் பணம். அதில் ஒரு பகுதியை அவர் எடுத்துக் கறுப்பாக்கிக் கொடுக்கிறார். நாளைக்கு அந்தக் கிரயம் செல்லாது என்று ஆனால், பத்திரத்தில் எழுதிய தொகையைத்தான் அவர் கேட்க முடியும். கையில் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை.

சேவையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறை கிடைக்காமல் மைத்துனருக்கோ நண்பருக்கோ ‘பவர்’ எழுதிக் கொடுக்கிறீர்கள். அது தேவையான வசதிதான். நீதிமன்றத்தில் தமக்காக வழக்காட இன்னொருவரை அதிகாரப்படுத்தப் படைவீரருக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டமே தனியாக வழி வைத்திருக்கிறது. ஆனால் எதற்கு அதிகாரம் கொடுக்கிறோம் என்பதைக் குறிப்பாக எழுதுங்கள்: எந்த நிலம், எந்த விலை வரை, எந்தத் தேதி வரை. வாங்கும்போது, பவர் மட்டும் வைத்துக்கொண்டு ‘இதுவே கிரயம் போல’ என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுவாகப் பவர் கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் அவரோடு போய்விடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, படைவீரருக்கென்றே அமைந்த நிறுவனத்திடம் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. இராணுவ நல வீட்டுவசதி அமைப்பு 1978-இல் தொடங்கப்பட்டது; லாபமுமில்லை நஷ்டமுமில்லை என்ற கொள்கையில் நாடெங்கும் வீடுகள் கட்டியிருக்கிறது. அதில் பயனடைந்தவர்கள் ஏராளம். அதே அமைப்பு கொச்சி வைற்றிலாவில் கட்டிய சந்தர் குஞ்ச் ஆர்மி டவர்ஸ் 2018-இல் ஒப்படைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது, கம்பி துருவேறியது. குடியிருந்த படைவீரர் குடும்பங்கள் வழக்காடினார்கள். மூன்று கோபுரங்களில் இரண்டை இடித்துத் திரும்பக் கட்ட வேண்டும், அதுவரை குடியிருப்போருக்கு மாத வாடகை கொடுக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அங்கே தரகர் இல்லை. விற்றவர்கள் சொந்த மனிதர்கள். ‘நம்மாள்’ என்பது சிமெண்டைச் சோதித்த சான்றிதழ் ஆகாது. அந்தக் குடும்பங்களுக்காக இறுதியில் நின்றவர்கள், தமக்கென்று தாமே ஒன்றுகூடிய அந்தக் குடும்பங்களே.

தரகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் சபையிலும் அந்தத் தொழிலை நேர்மையாய்ச் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் இல்லாமல் எந்த வீடு விற்பனைக்கு வருகிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மேலே சொன்ன சகோதரரும் தம் தரகருக்குக் கமிஷனைக் குறைக்காமல் கொடுத்தார். ஆனால் பதிவு முடிந்த பிறகு, ரசீது வாங்கிக்கொண்டு. தரகர் அந்த ரசீதை எழுதுவதற்குச் சற்றுத் திகைத்தார் என்று கேள்விப்பட்டேன். தொழில் தொடங்கி இருபது ஆண்டில் அவரிடம் யாரும் கேட்டதில்லையாம்.

ஓய்வு பெற்று வரப்போகிற பிள்ளைகளின் பெற்றோர் இதை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பாசறையில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் இருக்கிறது. ஓய்வூதியக் கணக்கில் ஐயம் இருந்தால் முன்பணம் கொடுக்கும் முன்பே அங்கே போய்க் கேளுங்கள். ஊர் விசாரணையை மட்டும் யாரும் இணையத்தில் செய்ய முடியாது. அதற்கு ஊரில் இருக்கிற நாம் தேவை. வரும் மாதம் முதல் இரண்டாம் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் பின் நம் சபை வழக்கறிஞர் ஒருவர் ஆலய மண்டபத்தில் அமர்ந்திருக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. பத்திர வேலைக்கு உண்டு, அதை அவரே முதலில் சொல்லிவிடுவார். பழைய மலையாள ஆதாரம் வைத்திருப்பவர்கள் டீச்சரிடம் காட்டலாம். இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருக்கிறார்கள். ஆகையால் பகல் வெளிச்சத்தில் வாருங்கள். நகலில் எழுத்து தெளியாது என்கிறார். மூலத்தையே கொண்டுவந்து, அன்றைக்கே கையோடு திரும்ப எடுத்துப் போங்கள்.